அடுத்து அடிக்கப்போவது யார்?

1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு நியூயார்க் மாநிலத்தையே பயமுறுத்தியது. தண்டனைக் காலம் முடிந்த பிறகும் தன்னை அடைத்து வைத்திருந்ததை எதிர்த்து ஜானி பாக்ஸ்ட்ராம் என்ற கைதி போட்ட வழக்கு அது. தீர்ப்பையடுத்து, ஆபத்தானவர்கள் என்று மருத்துவர்களால் முத்திரை குத்தப்பட்டுச் சிறைத்துறை மருத்துவமனைகளில் கிடந்த ஏறக்குறைய 1,000 பேரைச் சாதாரண மனநல மருத்துவமனைகளுக்கு மாற்றினார்கள். நான்கு ஆண்டுகளில், கட்டுக்காவல் உள்ள இடத்துக்கே திருப்பி அனுப்பவேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

படித்த மருத்துவர்களின் கணிப்பு இவ்வளவு தப்பியது ஏன்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கைதிகள் இருக்கிறார்கள், அவர்களில் 20 பேர் இந்த ஆண்டு யாரையாவது பலமாகத் தாக்கப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். யார் தாக்குவார், யார் தாக்கமாட்டார் என்று நம் சோதனை 90 சதவீதம் சரியாகச் சொல்லும். அந்த 20 பேரில் 18 பேரைப் பிடித்துவிடும். சரி, மீதி 980 பேர்? பத்து சதவீதம் தவறுவதால், அவர்களில் 98 பேரையும் அதே சோதனை ஆபத்தானவர்கள் என்றே சொல்லும். மாட்டிய 116 பேரில் 98 பேர் ஒரு தவறும் செய்யப்போவதில்லை. அவர்களைத் தனிக்கொட்டடியில் போடுவது பெரிய அநியாயம். அரிதாக நடப்பதை முன்கூட்டிச் சொல்லப் போனால் இந்தச் சிக்கல் வந்தே தீரும்.

அந்த 20 என்ற எண்ணையே நம்ப முடியாது என்பது இன்னொரு தொல்லை. காவலர் கண்ணில் பட்டதுதான் பதிவேட்டில் ஏறும். அடி வாங்கியவர், காட்டிக்கொடுத்தவன் என்ற பெயருக்குப் பயந்து, வழுக்கி விழுந்தேன் என்பார்.

ஆண்டுக்கணக்கை விட்டு நாளைய ஒரு நாளை மட்டும் பார்த்தால் நிலைமை மாறுகிறது. நார்வேயின் புரூசெட் மருத்துவமனையின் பெயரால் ஒரு பட்டியல் இருக்கிறது. செவிலியர் ஆறே விஷயங்களைப் பார்ப்பார்: மனக்குழப்பம், எரிச்சல், ஆர்ப்பாட்டம், வாய் மிரட்டல், கை ஓங்கி மிரட்டல், பொருட்களை அடித்து நொறுக்குதல். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் மூன்றைத் தொட்டால் அடுத்த 24 மணி நேரம் கவனமாக இருக்கவேண்டும். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவருக்குச் சத்தத்துக்காக மதிப்பெண் கிடையாது, வழக்கத்தைவிடக் கூடினால்தான் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆளை அவரோடேயே ஒப்பிடச் சொல்கிறது.

சுவிட்சர்லாந்தின் மனநல வார்டுகளில் இதை வைத்துத் தினமும் கணித்து, முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுத்தபோது கடும் தாக்குதல்கள் 41 சதவீதம் குறைந்தன. கட்டிப்போடுவது, தனியறையில் பூட்டுவது போன்ற கட்டாய நடவடிக்கைகளும் 27 சதவீதம் குறைந்தன.