முதுகுவலிக்கெல்லாம் அந்த ஊசிதான் காரணமா?

"அந்த முதுகு ஊசி போட்ட நாள்ல இருந்துதான் டாக்டர் இந்த வலி." பிரசவமாகி மூன்று மாதம் ஆனவரும் இதைச் சொல்கிறார், பன்னிரண்டு வருடம் ஆனவரும் சொல்கிறார். இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த பெண்ணிடம், இடுப்பு வலியில் துடிக்கும் நேரத்தில் "எபிடியூரல் போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்டால், அவர் முதலில் மாமியார் முகத்தைத்தான் பார்க்கிறார். இன்னொரு பக்கம், பிரசவமான இரண்டாம் நாளிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே தலை பிளக்கிறது என்று சொல்லும் பெண்ணை, "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்துவிட்டு அழைத்து வருகிறார்கள். ஊசியால் வராத வலிக்கு ஊசியைத் திட்டுகிறோம். ஊசியால் வந்திருக்கக்கூடிய தலைவலியை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. இதற்கு மேலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் கேள்வி: உங்களுக்குப் போட்டது எந்த ஊசி? பலருக்கு இது தெரியாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம். சிசேரியனுக்குப் பெரும்பாலும் போடுவது ஸ்பைனல். மெல்லிய ஊசி, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள டியூரா என்ற உறையைத் தாண்டி உள்ளே இருக்கும் நீருக்குள் போகும். சுமார் 2 மி.லி. மருந்து, ஒரே தடவை. சில நிமிடங்களில் மார்புக்குக் கீழே மரத்துவிடும், இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியும். எபிடியூரல் அது இல்லை. அது டியூராவைத் தொடாமல், அதற்கு வெளியே இருக்கும் இடைவெளியில் நிற்க வேண்டியது. பிரசவ வலியைக் குறைக்க, ஒரு மெல்லிய குழாய் வழியாக, நீர்த்த மருந்தைக் குழந்தை பிறக்கும் வரை கொடுத்துக்கொண்டே இருப்பது. நம் ஊரில் "முதுகு ஊசி" என்று திட்டு வாங்குவது பெரும்பாலும் ஸ்பைனல்தான்.

எபிடியூரல் போடும்போது உங்களை உட்கார வைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு, தாடை நெஞ்சில் படும்படி முதுகை வளைக்கச் சொல்வோம். இடுப்பெலும்பின் இரு மேடுகளையும் இணைக்கும் கோட்டை வைத்து, கீழ் முதுகின் மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு நடுவிலோ அதற்கு அடுத்த இடைவெளியிலோ ஊசி போகும். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. தோலிலிருந்து பெரும்பாலும் 4 முதல் 6 செ.மீ. ஆழத்தில் அந்த இடைவெளி இருக்கும். ஊசியோடு இணைத்த சிரிஞ்சில் உள்ள உப்புநீர் அதுவரை உள்ளே போக மறுக்கும். இடைவெளிக்குள் நுழைந்ததும் சட்டென்று இறங்கும். அந்த நொடியை விரல்தான் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் "அசையாதீர்கள்" என்று அவ்வளவு கெஞ்சுகிறோம். வலி வரப்போகிறது என்றால் வாய்திறந்து சொல்லுங்கள், நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். காலில் மின்சாரம் பாய்ந்தாற்போல இருந்தால் எந்தக் கால் என்று சொல்லுங்கள். ஆனால் துள்ளாதீர்கள். பிறகு குழாயை 4, 5 செ.மீ. உள்ளே விட்டு, ஊசியை வெளியே எடுத்துவிடுவோம். முதுகில் ஊசியோடு யாரையும் படுக்க வைப்பதில்லை.

இனி முதுகுவலி. எபிடியூரல் போட்ட பெண்களையும் போடாத பெண்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நீண்டகால முதுகுவலியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி நுழைந்த இடத்தில் சில நாட்கள் தொட்டால் வலிக்கும், கன்றிப்போயிருக்கும். அது உண்மை. அதற்கு மேல் வருடக்கணக்கில் நீடிக்கும் வலியை ஊசியின் தலையில் கட்ட முடியாது. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளின் இணைப்புத் தசைநார்கள் தளர்கின்றன, வயிறு முன்னே தள்ளியதால் முதுகு பின்னே வளைகிறது, வயிற்றுத் தசைகள் பிரிந்து வலுவிழக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு கூன் போட்டபடி நாளுக்குப் பத்து தடவை பால் கொடுப்பது, குனிந்து குழந்தையைத் தூக்குவது, தரையில் உட்கார்ந்து குளிப்பாட்டுவது. ஊசியே போடாமல் சுகப்பிரசவமான பெண்களுக்கும் முதுகு வலிக்கிறது. அவர்கள் எதன் மேல் பழி போடுவார்கள்? ஊசி போட்டவர்களுக்குக் கைகாட்ட ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

இதில் எனக்குக் கோபம் வருவது ஊசியின் பெயர் கெடுவதற்காக இல்லை. "ஊசி வலிதான்" என்று முடிவு கட்டிவிட்டதால் பரிசோதனையே நடக்காமல் போகிறதே, அதற்காக. முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் அரிய நோய் இல்லை. மாலையில் காய்ச்சல், எடை இறக்கம், இரவில் படுத்தாலும் விடாத முதுகுவலி என்றால் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி காலுக்கு இறங்கும். காலையில் எழுந்ததும் அரைமணி நேரம் முதுகு விறைத்திருந்தால் மூட்டுவாதம் உண்டா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

"எபிடியூரல் போட்டால் சிசேரியன்தான்" என்பதும் தவறு. அதே 2018 தொகுப்பில் சிசேரியன் கூடவில்லை. முக்கித் தள்ளும் கட்டம் கொஞ்சம் நீளலாம். மருந்து கெட்டியாகக் கொடுத்த பழைய காலத்தில் கால் அசைக்க முடியாமல், முக்கத் தெரியாமல், ஆயுதம் போட்டு எடுப்பது அதிகமாக இருந்தது. அந்தப் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது 0.1 சதவீதம் அல்லது அதற்கும் குறைந்த பியூபிவகைன் என்ற மரப்பு மருந்தோடு, மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியும் சேர்த்துக் கொடுக்கிறோம். தாய்ப்பால் தரத் தடையில்லை.

சரி, உண்மையான பிரச்சினைகள் எவை? முதலாவது, அது சரியாக வேலை செய்யாமல் போவது. பிரிட்டனின் மகப்பேறு மயக்கவியல் சங்கம் தாய்மார்களுக்குத் தரும் தகவலில், 8 பேரில் ஒருவருக்கு வலி போதுமான அளவு குறையாது என்று சொல்கிறது. ஒரு பக்கம் மட்டும் மரக்கும், அல்லது ஓரிடத்தில் ஜன்னல் திறந்தாற்போல வலி அப்படியே நிற்கும். குழாயைச் சற்று வெளியே இழுக்கலாம், மருந்தைக் கூட்டலாம், சில நேரம் புதிதாகவே போட வேண்டும். "வலியில்லாப் பிரசவம்" என்று பலகை வைப்பவர்கள் இதையும் எழுத வேண்டும். நன்றாக வேலை செய்தாலும் மருந்து பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும், கீழே அழுத்தம் தெரியும். தெரிவதுதான் நல்லது, முக்க உதவும்.

ரத்த அழுத்தம் இறங்கலாம். குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, டிரிப்ஸும் மருந்தும் கொடுத்தால் சரியாகும். அதற்காகத்தான் முதல் அரைமணி நேரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்ப்பதும், குழந்தையின் இதயத்துடிப்பை சி.டி.ஜி. என்ற கருவியில் தொடர்ந்து கவனிப்பதும். ஃபென்டனிலால் அரிப்பு வரும். நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். சிறுநீர் வருவது தெரியாது, குழாய் வைத்து எடுக்க வேண்டியிருக்கும். குழாய் தவறி ரத்தக்குழாய்க்குள் போயிருந்தால் காதில் ரீங்காரம், நாக்கில் உலோகச் சுவை, வாயைச் சுற்றி மதமதப்பு தோன்றும். முதலில் 3 மி.லி. மட்டும் கொடுத்துவிட்டு "ஏதாவது தெரிகிறதா?" என்று நாங்கள் கேட்பது சும்மா பேச்சு இல்லை. யோசித்துப் பதில் சொல்லுங்கள்.

இப்போது அந்தத் தலைவலிக்கு வருகிறேன். எபிடியூரல் ஊசி ஸ்பைனல் ஊசியைவிடத் தடிமன். தவறி டியூராவில் துளை விழுந்தால் அந்த வழியே நீர் கசியும். எபிடியூரல் போட்டவர்களில் 100 பேரில் சுமார் ஒருவருக்குக் கடுமையான தலைவலி வரலாம். ஸ்பைனலில் அது சுமார் 500 பேரில் ஒருவர். பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் ஆரம்பிக்கும். உட்கார்ந்தால், நின்றால் நெற்றியிலும் பிடரியிலும் தாங்க முடியாத வலி, படுத்தால் அடங்கும். கழுத்து இறுகும், காது அடைக்கும், வெளிச்சம் கூசும். பாரசிட்டமால், ஓய்வு, வழக்கமான அளவு தண்ணீர். ஒன்றிரண்டு தம்ளர் காபி சிலருக்கு இதம் தரும். அடங்காவிட்டால் உங்கள் கையிலிருந்தே சுமார் 20 மி.லி. ரத்தம் எடுத்து, முதுகில் அதே இடைவெளியில் செலுத்தித் துளையை அடைப்போம். பலருக்கு அன்றே நிம்மதி கிடைக்கும், சிலருக்கு இரண்டாவது முறை செய்ய வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் வரும் தலைவலி எல்லாம் ஊசியால் என்று நினைப்பதும் அதே அளவு ஆபத்து. ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி (வலிப்பு) வரப்போவதன் அறிகுறியாக இருக்கலாம். மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்திருக்கலாம். இந்தச் சிரை உறைவுக்கு உடலில் நீர் வற்றுவதும் ஒரு காரணம். பாட்டிமார்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன்: பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு தொப்பை போடும் என்று தம்ளர் கணக்குப் பார்க்காதீர்கள். பால் கொடுக்கும் பெண் தாகத்துக்குக் குடிக்கட்டும். படுத்தாலும் குறையாத தலைவலி, முதலில் உட்கார்ந்தால் மட்டும் வந்து இப்போது எந்நேரமும் இருக்கும் தலைவலி, பார்வை மங்கல், வாந்தி, காய்ச்சல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, குழறும் பேச்சு: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனை. மறுநாள் காலைவரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

கால் செயலிழக்குமா? மேலே சொன்ன பிரிட்டன் சங்கத்தின் கணக்கில், காலில் ஓரிடம் மரத்துப்போவது, லேசான பலவீனம் போன்ற தற்காலிக நரம்புக் கோளாறு 1,000 பேரில் ஒருவருக்கு. ஆறு மாதத்துக்கு மேல் நீடிப்பது 13,000இல் ஒருவருக்கு. முதுகில் சீழ்க்கட்டி 50,000இல் ஒன்று, ரத்தக்கட்டு 1,70,000இல் ஒன்று. பக்கவாதம் உட்படப் பெரிய பாதிப்பு 2,50,000இல் ஒன்று. குழந்தையின் தலை இடுப்பு நரம்புகளை அழுத்துவதாலும், நீண்ட நேரம் காலை மடக்கி வைத்திருப்பதாலும் ஊசி இல்லாமலே கால் மரத்துப்போவது உண்டு.

அரிது என்பதற்காகக் கவனிக்காமல் விடக் கூடாது. கடைசி மருந்து போய் 4 மணி நேரத்துக்குள் படுத்தபடியே காலை நேராகத் தூக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் "மருந்து இன்னும் இறங்கவில்லை" என்று நீங்களே சமாதானம் செய்துகொள்ளாமல் செவிலியரிடம் சொல்லுங்கள், மயக்க மருந்து மருத்துவரை அழைக்கச் சொல்லுங்கள். ரத்தக்கட்டு என்றால் சில மணி நேரத்துக்குள் அதை அகற்றினால்தான் கால் பிழைக்கும். வீட்டுக்குப் போன பிறகு காய்ச்சலோடு புதிதாகக் கடும் முதுகுவலி, உட்காரும் இடம் மரத்தல், சிறுநீர் அடைப்பு வந்தாலும் அதே அவசரம்தான்.

ரத்தக்கட்டைத் தவிர்ப்பதில் உங்கள் பங்கு பெரிது. குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் பின் எத்தனையோ பெண்கள் தினமும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். கேட்டால் "சத்து ஊசி" என்கிறார்கள். அது ரத்தம் உறையாமல் இருக்க. வழக்கமான சிறிய அளவு எனாக்ஸபாரின் (ஹெப்பாரின் வகை மருந்து) என்றால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரமும் ஆன பிறகே முதுகில் கை வைக்க முடியும். வலி தொடங்கிவிட்டது என்று தோன்றினால் அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனையைக் கேளுங்கள். கடைசியாகப் போட்ட நேரத்தைக் கைபேசியில் குறித்து வையுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் என்றால் பொதுவாகத் தடையில்லை, ஆனாலும் சொல்லுங்கள். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 70,000க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் போட மாட்டோம். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் கர்ப்பிணிக்கு டெங்கு இருக்கலாம், தட்டணுக்கள் இறங்கியிருக்கலாம், அப்போது பழைய ரிப்போர்ட்டைக் காட்டிப் பயனில்லை.

மயக்க மருந்து மருத்துவரைப் பிரசவ மேசையில்தான் முதன்முதலில் பார்க்க வேண்டுமா? 36 வாரத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முதுகெலும்பு வளைவு, முன்பு நடந்த முதுகு அறுவைச் சிகிச்சை, இதய வால்வுக் கோளாறு எல்லாம் அப்போதே தெரிய வேண்டும். மருத்துவமனையிடம் ஒன்றை மட்டும் தயங்காமல் கேளுங்கள்: ஊசி போட்ட பிறகு அவர் வளாகத்திலேயே இருப்பாரா? நம் ஊர்களில் ஒரே மருத்துவர் நான்கு மருத்துவமனைகளுக்கு ஓடுகிறார், எங்கள் துறையின் நிலை அப்படி. குழாயை வைத்துவிட்டு அவர் வேறு ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும் என்றால், ரத்த அழுத்தம் பார்க்கவும் மருந்தைச் சரிசெய்யவும் இரவு இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள் என்று பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.