சொல் விளக்கம்: நேரோ கேஜ்

மலை ரயில்களைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளில் ‘நேரோ கேஜ்’, ‘குறுகிய பாதை’, ‘பொம்மை ரயில்’ ஆகிய மூன்றும் ஒரே பொருளில் மாறிமாறி வருகின்றன. இவற்றுள் முதலாவது ஒரு தொழிற்சொல். அதன் பொருள் தெளிவானால், மற்ற இரண்டும் அதற்கு ஈடாகுமா என்பதும் தெளிவாகும்.

இரண்டு தண்டவாளங்களின் தலைப்பகுதியில் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரமே கேஜ் எனப்படுகிறது. அத்தூரம் 1435 மி.மீ. இருந்தால் அது நிலையான அளவு; அதைவிடக் குறைந்த எதுவும் உலக வழக்கில் நேரோ கேஜ்தான். ‘நேரோ’ பழைய ஆங்கிலச் சொல். ‘கேஜ்’ பழைய வடபிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அங்கே அதற்கு அளவுகோல் என்று பொருள், பீப்பாயின் கொள்ளளவை அளந்த கோல் உட்பட. அளக்கும் கோலின் பெயர் அளக்கப்படும் அகலத்துக்கு ஆகிவந்திருப்பதால், தமிழ் இலக்கணப்படி இதைக் கருவியாகுபெயர் எனலாம். பாதைப் பராமரிப்பில் தண்டவாள அகலத்தைச் சோதிக்கப் பயன்படும் கம்பிக்கும் இன்றுவரை அதே பெயர்தான்.

இச்சொல் தனியொரு அளவைக் குறிப்பதில்லை, ஓர் ஒப்பீட்டையே குறிக்கிறது என்பதை அதன் வரலாறே காட்டுகிறது. 1840களில் பிரிட்டனில் ரயில் பொறியாளர் புருனெலின் ஏழடி அகலப் பாதையும் இன்னொரு பொறியாளரான ஸ்டீபன்சனின் 4 அடி 8½ அங்குலப் பாதையும் போட்டியிட்டபோது, ‘நேரோ கேஜ்’ என்று அழைக்கப்பட்டது ஸ்டீபன்சனின் பாதைதான், அதாவது இன்று உலகமே நிலையான அளவு என்று ஏற்றுக்கொண்டிருக்கும் அதே 1435 மி.மீ. 1846ஆம் ஆண்டுச் சட்டம் அந்த அளவைப் புதிய பயணிகள் பாதைகளுக்கான பொதுவிதி ஆக்கியது. அதன் பிறகு, வேல்ஸ் மலைகளில் பலகைக்கல் ஏற்றிச் சென்ற ஃபெஸ்டினியாக் பாதையைப் போன்றவையே நேரோ கேஜ் எனப்பட்டன. 1836இல் திறக்கப்பட்ட, இரண்டடிக்கும் சற்றுக் குறைந்த அகலமுடைய அப்பாதையில் 1863 முதல் நீராவி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. அவ்வளவு சிறிய அகலத்திலும் நீராவியால் சுமை இழுக்க முடியும் என்பதை அது உலகுக்கு மெய்ப்பித்தது.

இந்திய ரயில்வே வழக்கோ உலக வழக்கிலிருந்து வேறுபட்டது. இங்கே பிராட் கேஜ் 1676 மி.மீ., மீட்டர் கேஜ் 1000 மி.மீ.; நேரோ கேஜ் என்பது 762 மி.மீ., 610 மி.மீ. ஆகிய இரண்டுக்கு மட்டுமே உரிய பெயர். ஆகவே டார்ஜிலிங் பாதையும் (610) கால்கா–சிம்லா பாதையும் (762) இங்கே நேரோ கேஜ். நீலகிரி மலைப்பாதை அவ்வாறு அழைக்கப்படுவதில்லை, ஏனெனில் அது மீட்டர் கேஜ். ஆனால் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைத்தொடரில் 1125 மீட்டர் உயரத்திலுள்ள புரோக்கன் நிலையத்துக்கு நீராவி எஞ்சினுடன் ஏறும் பாதையும் சரியாக 1000 மி.மீ. அகலமுடையதே, ஜெர்மானியர் அதைத் தயக்கமின்றித் தங்கள் மொழியில் ‘குறுகிய தடம்’ என்ற பொருள்தரும் சொல்லால் அழைக்கின்றனர். மொழிபெயர்ப்பாளர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுவே.

மலைக்கும் இந்தச் சிறிய அகலத்துக்கும் உள்ள உறவை ஒரு சிறு கணக்கு விளக்கிவிடும். டார்ஜிலிங் பாதையின் படாசியா லூப் போன்ற ஒரு முழுவட்ட வளைவில் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தைவிட எவ்வளவு நீளம் என்பது வட்டத்தின் அளவைப் பொறுத்ததன்று, பாதையின் அகலத்தையே பொறுத்தது. 610 மி.மீ. அகலத்தில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 3.8 மீட்டர், 1676 மி.மீ. அகலத்தில் 10.5 மீட்டர். ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்ட இரு சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழல வேண்டியிருப்பதால், வேறுபாடு கூடக்கூடச் சக்கரம் தண்டவாளத்தில் உரசித் தேய்வதும் கூடும். அகலம் குறைந்தால் கூரிய வளைவுகளை வைக்கலாம். அப்போது பாறையை வெட்டும் வேலையும் பாலங்களின் அளவும் செலவும் குறையும். 1881இல் டார்ஜிலிங்கை எட்டிய பாதை மலையைக் குடைந்து செல்லாமல் வளையங்களாலும் முன்னும் பின்னுமாக நகரும் ‘இசட்’ வடிவத் திருப்பங்களாலும் கும் நிலையத்தின் 2258 மீட்டர் உயரத்தை அடைய முடிந்தது இதனால்தான்.

நீராவி எஞ்சினுடன் அப்பாதையில் செல்பவர், எஞ்சினின் முன்புறத்தில் இருவர் அமர்ந்து, தண்டவாளம் ஈரமாகும்போது சக்கரம் வழுக்காதபடி கையால் மணல் தூவுவதைக் காணலாம். இது கண்காட்சிக்காகச் செய்யப்படும் வேலை அன்று. ‘பொம்மை ரயில்’ என்ற செல்லப்பெயர் இந்த உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதால், குழந்தைகளிடம் பேசும்போது தவிர வேறெங்கும் அதைப் பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. ஹார்ட்ஸ் மலையில் 1950களில் கட்டப்பட்டு இன்றும் ஓடும் எஞ்சின்கள் ஐந்து இயக்க அச்சுகள் கொண்டவை, 60 டன்னுக்கு மேல் எடையுள்ளவை. அவற்றில் பொம்மைத்தன்மை எதுவும் இல்லை.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். கேஜ் என்பதற்குப் ‘பாதையகலம்’ பொருந்தும். ‘தண்டவாள இடைவெளி’ என்றால், வெப்பத்தில் விரிவதற்காக இரு தண்டவாளத் துண்டுகளின் முனைகளுக்கிடையே விடப்படும் இடைவெளியாகப் புரிந்துகொள்ள இடமுண்டு. நேரோ கேஜுக்கு வழங்கும் ‘குறுகிய பாதை’ தவறில்லை, ஆனால் ஐயத்துக்கு இடமளிக்கிறது: குறுகிய சந்து என்பதில் அகலம் குறைகிறது, குறுகிய பயணம் என்பதில் நீளம் குறைகிறது. ‘குறும்பாதை’யில் இச்சிக்கல் இன்னும் மிகுதி, ஏனெனில் குறும்படம், குறுந்தொடர் ஆகியவற்றுக்குப் பழகிய காது ‘குறு’ என்றதும் நீளத்தையே நினைக்கும். கால்கா–சிம்லா பாதையோ 96 கி.மீ. நீளமுடையது. ‘ஒடுங்கிய பாதை’ என்பதில், முன்பு அகலமாயிருந்து பின்னர் சுருங்கியது என்ற சாயல் ஒட்டிக்கொள்கிறது.

பிராட் கேஜுக்கு ‘அகலப்பாதை’ என்ற சொல் செய்தித்தாள்களில் நன்கு வேரூன்றிவிட்டதால், அதே அகலத்தை அடிப்படையாகக் கொண்டு ‘சிற்றகலப் பாதை’ என்று வழங்கலாம் என்பது என் பரிந்துரை. சிறுமை, அகலம் என்பன சேர்ந்து, சிற்றூர், சிற்றுண்டி போலவே, சிற்றகலம் ஆகும். எது சிறியது என்பதும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாட்டுக்கு நாடு பொருள் மாறுவதால் அளவையும் சேர்த்து ‘610 மி.மீ. சிற்றகலப் பாதை’ என்று எழுதுவது நல்லது. நீலகிரியை இந்திய வழக்கின்படி ‘மீட்டர் பாதை’ என்றே குறிக்க வேண்டும். ஹார்ட்ஸ் பாதையைப் பற்றி எழுதும்போது ‘1000 மி.மீ. சிற்றகலப் பாதை’ என்பதே அந்நாட்டு வழக்குக்கு ஒத்தது.