வேகம் பாதியானாலும் குரல் ஏன் கனப்பதில்லை?

கேசட் காலத்தில் பேட்டரி இறங்கிவிட்டால் டேப் ரெக்கார்டரில் குரல் கனத்துக் குழறும். காரணம் எளிது. நொடிக்கு 200 முறை அதிரும் குரல், டேப் பாதி வேகத்தில் ஓடும்போது நொடிக்கு 100 முறைதான் அதிரும். சுருதி ஒரு முழு ஸ்தாயி கீழே போய்விடும். ஆனால் இன்று யூடியூபில் வேகத்தை 0.5 என்று வைத்தால் அதே ஆள், அதே குரலில், நிதானமாகப் பேசுகிறார். எப்படி?

ஒலியை யாரும் இழுத்து நீட்டுவதில்லை. ஒருமுறை சொன்னதைத் துண்டு துண்டாக இரண்டு முறை ஒலிக்கவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இது காதுக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம் நம் குரலேதான். 'ஆ' என்று சொல்லும்போது குரல்நாண்கள் திறந்து திறந்து மூடுகின்றன. ஆண் குரலில் ஒரு சுற்று ஏறக்குறைய 8 முதல் 10 மில்லி விநாடி, பெண் குரலில் 5 மில்லி விநாடி. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைப் போலவே இருக்கும். இருபது சுற்று இருக்கும் இடத்தில் நாற்பது வைத்தால் 'ஆ' நீளும். ஒரு சுற்றின் நீளத்தை நாம் தொடவில்லை. சுருதி அதைப் பொறுத்தது என்பதால் சுருதியும் மாறாது.

சிக்கல் ஒட்டுப் போடும் இடத்தில்தான். மென்பொருள் ஒலியை 20, 30 மில்லி விநாடித் துண்டுகளாக எடுத்து, ஒன்று தேயத் தேய அடுத்தது எழும்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைக்கிறது. ஏனோதானோ என்று வைத்தால் ஒரு துண்டின் மேடு அடுத்ததன் பள்ளத்தில் விழுந்து ஒன்றையொன்று அழிக்கும், குரல் கரகரக்கும். அதனால் சில மில்லி விநாடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்து, அலை நன்றாகப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கட்டம் போட்ட துணியில் ஒட்டுப் போடும் தையல்காரர் கட்டத்தோடு கட்டத்தைச் சேர்ப்பாரே, அந்த வேலை. 1985-ல் ரூகோஸ், வில்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு வழி சொன்னார்கள். 1993-ல் பெல்ஜியத்தின் வெர்ஹெல்ஸ்ட், ரோலண்ட்ஸ் அதைச் செம்மைப்படுத்தி 'டபிள்யூ-சோலா' என்ற முறையாக்கினார்கள். குரோம் உலாவியில் இருப்பது இதுதான், வி.எல்.சி. பிளேயரில் இருப்பதும் இதே வகை.

கணினியின் துணை இல்லாமலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபேர்பேங்ஸும் கூட்டாளிகளும் சுழலும் உருளையில் டேப் ஹெட்களைப் பொருத்தினார்கள். டேப் மெதுவாகப் போகும். ஹெட் அதற்கு எதிர்த்திசையில் சுழலும். டேப்பும் ஹெட்டும் உரசிக் கடக்கும் வேகம் பழையபடியே இருப்பதால் சுருதி இறங்காது. ஒரு ஹெட் படித்த இடத்தை அடுத்த ஹெட் கொஞ்சம் மறுபடி படிக்கும். பொருத்தம் பார்க்கத்தான் அதற்குத் தெரியாது.

பல வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும் இசைக்கு இந்த ஒட்டு வேலை அவ்வளவாக ஒத்துவராது. எந்தச் சுற்றைப் பார்த்து ஒட்டுவது? அங்கே ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து நீட்டும் 'ஃபேஸ் வோகோடர்' வரும். பெல் ஆய்வகத்தின் ஃபிளானகனும் கோல்டனும் 1966-ல் வெளியிட்டது.

பேச்சிலும் எல்லா ஒலியும் சுற்றிச் சுற்றி வருவதில்லை. 'பட்டு' என்பதில் ட் வெடிப்பது ஒரே ஒரு முறை. அதையும் இரட்டித்தால் திக்குவது போலக் கேட்கும். 'ஸ்', 'ஷ்' எல்லாம் வெறும் இரைச்சல். அதே இரைச்சல் துண்டு உடனுக்குடன் திரும்பி வந்தால் காது கண்டுபிடித்துவிடும், ஒரு உலோக ரீங்காரம் கேட்கும். 0.25-ல் வைத்துப் பாருங்கள், இரண்டும் அப்பட்டமாகத் தெரியும்.

குறில் நீண்டு நெடிலாகிவிடாதா என்று தமிழ்க்காரருக்குத் தோன்றலாம். 'படு' பாதி வேகத்தில் 'பாடு' ஆவதில்லை. சுற்றியுள்ள எல்லா ஒலியும் அதே அளவு நீள்வதால் காது அதற்கேற்பக் கணக்கை மாற்றிக்கொள்கிறது.

ஆனால் மனிதர் நிதானமாகப் பேசுவது வேறு. நாம் உயிரொலிகளையும் இடைவெளிகளையும்தான் அதிகம் நீட்டுவோம், விழுங்கிய எழுத்துகளைத் திரும்ப உச்சரிப்போம். அவசரத்தில் 'வந்துட்ருக்கேன்' என்று சொன்னவர், எவ்வளவு மெதுவாக்கினாலும் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லமாட்டார். ஆகவே பேச்சைக் கேட்டு எழுதுபவர்களுக்கு என் யோசனை: 0.75-க்குக் கீழே போகாமல், புரியாத இடத்தை இரண்டு முறை ஓடவிடுங்கள்.