பழைய கணினியின் பிழைச் செய்தி: எழுதியது யார்?

கணினியில் ஒரு பிழைச் செய்தி வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆராய்வதற்கு முன் அதை எழுதியது யார் என்று பாருங்கள். பவர் பொத்தானை அழுத்துவதற்கும் டெஸ்க்டாப் தெரிவதற்கும் இடையில் நான்கைந்து தனித்தனி புரோகிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறுப்பேற்கின்றன. முதலில் மதர்போர்டில் பதிந்திருக்கும் தொடக்க நிரலான பயாஸ் ஓடும். அது ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டரில் (டிஸ்க்கைப் பிரித்துவைத்திருக்கும் சின்னக் கூறு) இருக்கும் சின்ன நிரலை எழுப்பும். அந்த நிரல் பார்ட்டிஷனின் (டிஸ்க்கில் பிரித்த ஒரு பெரிய பகுதி) தொடக்கத்தில் இருக்கும் இன்னொரு நிரலை எழுப்பும். அது விண்டோஸ் லோடரைத் தேடிப் பிடிக்கும், லோடர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றும். ஒவ்வொன்றும் தன் முறை வரும்போதுதான் பேச முடியும், அதுவும் தனக்குத் தெரிந்த கொஞ்சத்தை வைத்துத்தான். எனவே ஒரு செய்தி வந்திருக்கிறது என்றாலே, அதைச் சொன்ன கட்டம் வரைக்கும் இயந்திரம் ஓரளவு ஒழுங்காக வேலை செய்திருக்கிறது. தேட வேண்டிய இடம் அங்கேயே பெருமளவு குறைந்துவிடுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் 7 வரை ஓடிய பயாஸ் காலத்து இயந்திரங்களைத்தான் இங்கே சொல்கிறேன். அவை இன்னும் நிறைய இடங்களில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சின்னக் கோளாறுக்காகத் தூக்கி எறியப்படுவதும் அவைதான்.

திரையில் எதுவுமே வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தால், பேசுவது பயாஸின் ஆரம்பக் கட்டம். ரேமும் கிராபிக்ஸ் கார்டும் தயாராகும் வரை திரையில் ஓர் எழுத்தைக்கூடக் காட்ட அதற்கு வழியில்லை. அதனால்தான் அந்தக் கட்டத்துப் பிழைகள் சத்தமாக வருகின்றன. அவார்டு பயாஸில் ஒரு நீள பீப்பும் இரண்டு குறு பீப்பும் வந்தால் கிராபிக்ஸ் பக்கம் கோளாறு. மற்ற பயாஸ்களில் கணக்கு வேறு, ஆகவே மதர்போர்டின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது. பாதிப் பிரச்சினைகள் கார்டையும் ரேமையும் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, அழுத்திப் பொருத்தினாலே தீர்ந்துவிடும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

திரை வந்த பிறகு பயாஸ் சொல்லும் செய்திகளில் பழைய கணினிகளில் அடிக்கடி வருவது ‘சீமாஸ் செக்சம் எரர், டிஃபால்ட்ஸ் லோடட்’ என்பது. பலர் எஃப் 1 விசையைத் தட்டிவிட்டுக் கடந்துபோகும் செய்தி இது. ஆனால் பழைய கணினியின் பாதி மர்மங்கள் இங்கேதான் தொடங்குகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மதர்போர்டில் நேரத்தைக் கணக்கிடும் ஒரு சிப் இருக்கிறது. ஐபிஎம் 1984இல் வெளியிட்ட பிசி ஏடி கணினியில் மோட்டோரோலாவின் 146818 என்ற சிப் இந்த வேலையைச் செய்தது. அதில் இருந்த நினைவகம் மொத்தம் 64 பைட். முதல் 14 பைட் கடிகாரத்துக்கு, மீதியில் பயாஸ் தன் அமைப்புகளை எழுதிவைத்துக்கொண்டது. சீமாஸ் என்பது இந்த நினைவகத்தைத்தான். மின்சாரம் போனாலும் இது அழியாமல் இருக்கத்தான் பின்னால் வந்த மதர்போர்டுகளில் நாணயம் போன்ற அந்த 3 வோல்ட் செல், சிஆர்2032. பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கும்போது குறிப்பிட்ட பைட்டுகளை எல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையையும் (இதுதான் செக்சம்) பக்கத்திலேயே எழுதிவைக்கும். ஏடி கணினியின் ஏற்பாட்டில் 30 பைட்டுகளின் கூட்டுத்தொகைக்கு 2 பைட் இடம். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் பயாஸ் மறுபடி கூட்டிப் பார்க்கும். தொகை இடித்தால், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியும், எது மாறியது என்று தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளையே ஏற்றிக்கொள்கிறது.

இந்த ‘டிஃபால்ட்ஸ் லோடட்’ என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஹார்டு டிஸ்க்குடன் எந்த முறையில் பேசுவது, ஐடிஇ முறையா ஏஎச்சிஐ முறையா என்பதும் இந்த அமைப்புகளில் ஒன்று. விண்டோஸை நிறுவியபோது ஒரு முறை இருந்து, செல் தீர்ந்ததும் அது இன்னொன்றாக மாறிவிட்டால், கெர்னல் பாதி ஏறிய நிலையில் தன்னுடைய டிஸ்க்கையே தொட முடியாமல் நிற்கும். அந்த முறைக்கான டிரைவர் (வன்பொருளை இயக்கும் சிறு நிரல்) ஆரம்பத்தில் ஏற்றப்படுவதில்லை. உடனே நீலத் திரை, ஸ்டாப் 7பி (பதினாறடி எண்முறை என்பதால் பிழை எண்ணில் எழுத்தும் கலந்து வரும்), ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’. இதைப் பார்த்தவர்கள் டிஸ்க் போய்விட்டது என்று முடிவுகட்டி, ஃபார்மேட் செய்து, வருடக்கணக்கான போட்டோக்களை இழந்திருக்கிறார்கள். நினைத்தாலே மனசு கஷ்டப்படுகிறது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செல்லை மாற்றி, பயாஸில் சாட்டா முறையை, அதாவது அந்த ஐடிஇ, ஏஎச்சிஐ தேர்வை, பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும்.

செல் தீர்ந்ததற்கு இன்னோர் அடையாளம், பிரவுசரில் எந்தப் பாதுகாப்பான தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வருவது. சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினியின் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டால், எல்லாச் சான்றிதழும் இனிமேல்தான் செல்லுபடியாகப் போகிறது என்று பிரவுசர் நினைக்கும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பிளக் போட்டு, சுவர் சுவிட்ச் போட்டபடி இருக்கும் கணினியில், பவர் சப்ளை சொட்டு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்பதால் தீர்ந்த செல்லும் வெளியே தெரியாது. சுவிட்சை அணைத்துவிட்டுப் போன நாட்களுக்கு அடுத்த காலையில் மட்டும் நேரம் தப்பினால், செல்லைத் தவிர வேறு எதையும் முதலில் சந்தேகப்பட வேண்டாம். மல்டிமீட்டரில் வைத்தால் புதிய செல் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும்.

சரி, பயாஸ் தன் வேலையை முடித்துவிட்டது. அடுத்துப் பேசக்கூடியது டிஸ்க்கின் முதல் செக்டரில் இருக்கும் நிரல். அந்த செக்டர் மொத்தமே 512 பைட். அதில் 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் ‘55 ஏஏ’ என்ற முத்திரைக்கு. மீதி 446 பைட்டுக்குள் நிரலும் அடங்க வேண்டும், அது சொல்லும் பிழைச் செய்திகளும் அடங்க வேண்டும். அதனால்தான் அவை தந்தி வாசகம்போல் அவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன. சுருக்கமாக இருந்தாலும் துல்லியமானவை. ‘எரர் லோடிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்றால் பார்ட்டிஷனின் முதல் செக்டரை டிஸ்க்கிலிருந்து படிக்கவே முடியவில்லை. ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்றால் படிக்க முடிந்தது, ஆனால் அதன் கடைசியில் முத்திரை இல்லை. முதலாவது டிஸ்க்கையோ கேபிளையோ காட்டுகிறது, இரண்டாவது டிஸ்க்கில் எழுதப்பட்டிருக்கும் தகவலைக் காட்டுகிறது. இந்த இரண்டுக்கும் முன்னால், ‘டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்சர்ட் சிஸ்டம் டிஸ்க்’ என்று வந்தால் அது பயாஸ் சொல்வது. பூட் செய்யத்தக்க டிஸ்க் எதுவுமே அதன் கண்ணில் படவில்லை.

எக்ஸ்பி காலத்தின் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’ இதற்கு அடுத்த படி. பார்ட்டிஷன் வரைக்கும் வந்தாகிவிட்டது, லோடர் கோப்பைத்தான் காணவில்லை. இந்தச் செய்தி வந்தால் கோப்பைத் தேடப் போவதற்கு முன், கணினியில் செருகியிருக்கும் பென் டிரைவை எடுத்துவிட்டு ஒரு முறை பூட் செய்து பாருங்கள். எக்ஸ்பியில் ஃபார்மேட் செய்த பென் டிரைவின் முதல் செக்டரிலும் இதே செய்தி உட்கார்ந்திருக்கும். பயாஸ் ஹார்டு டிஸ்க்குக்கு முன் அதைத் தொட்டால், பென் டிரைவ்தான் ‘மிஸ்ஸிங்’ என்று சொல்கிறது. விண்டோஸ் பாவம், அதற்கு இன்னும் முறையே வரவில்லை.

கெர்னல் ஏறிய பிறகு வருவது நீலத் திரை. பல கணினிகளில் அது வந்த வேகத்தில் மறைந்து மறுபடி பூட் ஆகிவிடும், படிக்கவே நேரம் இருக்காது. எஃப் 8 விசையை அழுத்திக் கிடைக்கும் பட்டியலில் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் திரை அப்படியே நிற்கும். உடனே ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். கடைசியில் இருக்கும் ஸ்டாப் எண்ணும், அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு எண்களும்தான் விஷயம். ஸ்டாப் ஏ என்ற பிழையில் முதல் எண் தொடக்கூடாத எந்த நினைவக முகவரி தொடப்பட்டது என்று சொல்லும். மூன்றாவது எண் 0 என்றால் படிக்கப் போனபோது, 1 என்றால் எழுதப் போனபோது. நான்காவது, அதைச் செய்த நிரல் வரியின் முகவரி. டிரைவர் ஒன்றின் கோப்புப் பெயரும் சில சமயம் தெரியும். தடுக்கி விழுந்த இடம் அது, குழி தோண்டியது வேறு யாராகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு நீலத் திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று நான்கு சேர்ந்த பிறகு ஒப்பிட்டால் கதை தெரியும். ஒவ்வொரு முறையும் அதே எண், அதே டிரைவர் என்றால் பெரும்பாலும் மென்பொருள் கோளாறு. அந்த டிரைவரை மாற்றிப் பார்க்கலாம். எண் முறைக்கு முறை மாறி, ஒரு நாள் ஏ, ஒரு நாள் 50, ஒரு நாள் 24 என்று வந்தால் அடியில் இருக்கும் வன்பொருள் ஆட்டம் கண்டிருக்கிறது. ரேம், சூடு, மின்சாரம் என்ற வரிசையில் நான் பார்ப்பேன். ரேமுக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற சோதனை மென்பொருள் போதும். ஒவ்வொரு முகவரியிலும் ஒரு வடிவத்தை எழுதி, திரும்பப் படித்து, எழுதியதுதான் வந்ததா என்று பார்க்கும். ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. அப்புறம் ரேம் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தால் எது பழுது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பெரிய குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘தி மெமரி குட் நாட் பி ரெட்’ என்று ஒரு சின்னப் பெட்டி வந்தால் ரேம் போய்விட்டது என்று சொல்லிப் புதிய ரேம் வாங்கவைப்பவர்கள் உண்டு. தனக்கு ஒதுக்கப்படாத முகவரியை ஒரு புரோகிராம் தொட்டது, விண்டோஸ் தடுத்தது, அவ்வளவுதான் அதன் பொருள். முகவரி முழுக்கப் பூஜ்யமாகவோ பூஜ்யத்துக்கு மிக அருகிலோ இருந்தால், அது பெரும்பாலும் அந்த புரோகிராமின் சொந்தத் தவறு. முகவரி வரிசையின் முதல் 64 கிலோபைட்டை இந்தத் தவறைப் பிடிப்பதற்காகவே விண்டோஸ் காலியாக விட்டுவைக்கிறது. வெவ்வேறு புரோகிராம்கள் வெவ்வேறு முகவரிகளில் விழ ஆரம்பித்தால் மட்டும் ரேமைச் சோதியுங்கள்.

ஹார்டு டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது, ஸ்மார்ட் என்ற பெயரில். அந்த எண்களைக் காட்டும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. நீளமான பட்டியலில் மூன்று வரி போதும். 5 என்ற எண்ணுள்ள வரி, பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. இவை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்குக்கு நாள் எண்ண வேண்டியதுதான். 199 வேறு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் போகும் வழியில் தகவல் கெட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. 5உம் 197உம் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறினால் கேபிளை மாற்றுங்கள், டிஸ்க்கை இல்லை. பழுதாகும் டிஸ்க் என்று தெரிந்தால் முதல் வேலை கோப்புகளை வேறு இடத்துக்கு நகலெடுப்பது. விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிச் சரிசெய்யப் பார்ப்பது அதற்கு அப்புறம்தான். அந்தச் சோதனை டிஸ்க் முழுவதையும் படிக்கவைக்கும், தள்ளாடும் டிஸ்க் அதில் ஒரேயடியாகப் படுத்துவிடலாம்.

எந்தச் செய்தியும் சொல்லாத கோளாறும் உண்டு. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளைகள் மின்தேக்கிகள். 2000த்தை ஒட்டிய சில ஆண்டுகளில் தயாரான மதர்போர்டுகளில் தரம் குறைந்த மின்தேக்கிகள் ஏராளமாக இடம்பெற்று, பின்னால் கூட்டம் கூட்டமாகச் செயலிழந்தன. தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ மின்சாரம் சீராகப் போகவில்லை. அந்தத் தடுமாற்றம் மேலே சொன்ன எந்தப் பிழையின் வேஷத்திலும் வெளியே வரும், ஆளுக்கொரு எண்ணைச் சொல்லும். டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் இதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளும் உதவாது. இதே மின்தேக்கிகள் பவர் சப்ளைக்குள்ளும் உண்டு. ஆனால் அதை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். சந்தேகம் வந்தால் முழுதாக வேறொன்றை மாட்டிப் பார்ப்பதுதான் வழி.