பூட்டி வைத்தால் புதிதாகவே இருக்குமா?

சென்ற மாதம் ஓர் அரசு தாலுகா மருத்துவமனையின் ஆக்சிஜன் ஆலையைச் சோதிக்கப் போயிருந்தேன். கம்ப்ரசரை ஓடவிட்டு நெடுநேரம் காத்திருந்தும் ஆக்சிஜனின் தூய்மை 80 சதவீதத்தைத் தாண்டவில்லை. 93 சதவீதம் வர வேண்டிய ஆலை. மூன்று சதவீதம் கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். பொறுப்பாளர் திகைத்துப்போய்ச் சொன்னார்: "புத்தம் புது மெஷின் சார். வந்த நாளிலிருந்து நாங்கள் தொடவே இல்லை."

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தொடாததால்தான் ஐயா கெட்டது! விசேஷத்துக்கு இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக்கொள்ள இது பரணில் கிடக்கும் பித்தளை அண்டா அல்ல. வெளிக்காற்றை உறிஞ்சி, அதிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடுவதுதான் ஆலையின் வேலை. நைட்ரஜனைப் பிடிப்பவை உள்ளே இருக்கும் ஜியோலைட் என்ற கனிம மணிகள். ஆனால் அவை நைட்ரஜனைவிட ஈரத்தைத்தான் விரும்பி இழுக்கும். ஆலை ஓடாமல் கிடந்தால், உள்ளே கசியும் ஈரக் காற்றைக் குடித்து மணிகள் நிறைந்துவிடும். பிறகு நைட்ரஜனைப் பிடித்து வைக்க அவற்றில் இடமேது? அதுவும் சேர்ந்தே நோயாளியின் மூக்குக்குப் போகும்.

வென்டிலேட்டர் மட்டும் விதிவிலக்கா? சார்ஜ் ஏற்றாத பேட்டரி செத்துவிடும். பல வென்டிலேட்டர்களில் உள்ள ஆக்சிஜன் சென்சார் ஒரு வேதிச் செல். உறையைப் பிரித்த நாளிலிருந்தே காற்று பட்டுத் தீர்ந்துகொண்டிருக்கும். ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காமலே ஓரிரு ஆண்டில் அதன் ஆயுள் முடிந்துவிடும். பெட்டியில் தூசி இல்லை என்பதற்காக உள்ளே இருப்பது புதிது என்று நம்பாதீர்கள்.

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதத்தில் நாட்டின் ஒரு நாள் மருத்துவ ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 9,000 டன்னை எட்டியது. உருக்காலைகளில் நிரப்பி ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அந்த வேதனைக்குப் பிறகுதான் மாவட்டம்தோறும் இந்த ஆலைகள் வந்தன. மிக நல்ல முடிவு. ஆனால் ஓட்டுவதற்கு ஆளும், வடிகட்டி மாற்றப் பணமும், மின்கட்டணத்துக்கு ஒதுக்கீடும் எல்லா இடங்களிலும் கூடவே வரவில்லை. நாசிக்கில் 2021 ஏப்ரல் 21 அன்று ஒரு மருத்துவமனையின் தொட்டியில் கசிவு ஏற்பட்டு, குழாயில் அழுத்தம் குறைந்து, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆக்சிஜன் வளாகத்துக்குள்தான் இருந்தது. படுக்கைக்குப் போய்ச் சேரவில்லை.

"அவசரத்துக்குச் சிலிண்டர் இருக்கிறதே" என்பார்கள். பெரிய சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். நிமிடத்துக்கு 60 லிட்டர் தேவைப்படும் நோயாளி ஒருவருக்கு அது இரண்டு மணி நேரம்கூட வராது. நள்ளிரவில் பத்துப் பேருக்கு யார் சிலிண்டர் உருட்டுவது?

மருத்துவமனைப் பொறுப்பாளர்களே, தேவை இருக்கிறதோ இல்லையோ, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியில் ஆலையை ஓட்டுங்கள். தூய்மையையும் அழுத்தத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். பார்க்காமல் நேற்றைய எண்ணையே இன்றும் எழுதாதீர்கள். வாரண்டி முடியும் தேதியைச் சுவரில் ஒட்டுங்கள், அதற்கு முன்பே பராமரிப்பு ஒப்பந்தம் போடுங்கள். ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பிடிக்கும். இதை இன்னமும் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே எனக்கு வருத்தம். ஆலையை ஓட்டத் தெரிந்தவர் மாறுதலாகிப் போகும் முன் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

மேலிடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2022 டிசம்பர் 27 அன்று நாடு முழுவதும் மருத்துவமனைகளில் கொரோனா தயார்நிலை ஒத்திகை நடந்தது. தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அடுத்த ஒத்திகையைச் சொல்லாமல் வையுங்கள், இரவில் வையுங்கள். நோயாளிகளுக்கு மாற்றுச் சிலிண்டரைத் தயாராக வைத்துவிட்டு, ஆலைக்கான மின் இணைப்பைத் துண்டியுங்கள். ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் பாரத்தை ஏற்கிறது, கடைசிப் படுக்கையில் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள்.