கசின்: மாமன் மகளைத் தங்கையாக்கும் மொழிபெயர்ப்பு

போன வாரம் டிவியில் தமிழில் டப் செய்த ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. 'டார்வின் 1839இல் தன் ஒன்றுவிட்ட சகோதரி எம்மாவை மணந்தார்' என்றதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார். "தங்கச்சியையா கட்டிக்கிட்டான்?" டார்வினின் அம்மா சூசன்னாவும் எம்மாவின் அப்பா வெட்ஜ்வுட்டும் கூடப்பிறந்தவர்கள் என்றேன். "அப்ப மாமன் மகள்னு சொல்றதுக்கென்ன?" மறுபடி கீரைக்குப் போய்விட்டார். (எம்மா ஒன்பது மாதம் மூத்தவர் என்பதை நான் வாய்விடவில்லை.)

ஆங்கிலத்தின் 'கசின்'தான் தமிழில் இப்படி 'ஒன்றுவிட்ட சகோதரி' ஆகிறது. கசின் பிரெஞ்சு வழி ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் லத்தீனின் கான்சோப்ரினுஸ். அதற்குள் ஒளிந்திருப்பது சகோதரியைக் குறிக்கும் சொரோர். முதலில் அம்மாவுடன் பிறந்தவளின் பிள்ளைக்கு மட்டுமே உரிய பெயர். அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் லத்தீனில் வேறு வேறு சொற்கள் இருந்தன. பிறகு எல்லாம் ஒரே சட்டிக்குள் விழுந்துவிட்டன.

விழுந்தது அவர்கள் சட்டியில். நாம் ஏன் நம் பாத்திரங்களையும் அதில் கவிழ்க்க வேண்டும்? நமக்குப் பெரியப்பா, சித்தி பிள்ளைகள் அண்ணன், தங்கை. மாமன், அத்தை பிள்ளைகள் மச்சான், அத்தான், முறைப்பெண். இடையில் இருப்பது கல்யாணக் கோடு. 'ஒன்றுவிட்ட சகோதரர்' அந்தக் கோட்டை அழித்துவிடுகிறது. சகோதரர் என்றாலே ஒரு வயிற்றில் பிறந்தவர். அதில் எதை விடுவது? எங்கள் பக்கம் 'ஒன்றுவிட்ட' என்பது அப்பாவின் சித்தப்பா மகனை ஒன்றுவிட்ட சித்தப்பா என்று சொல்லத்தான் பயன்படும்.

1919இல் ஐன்ஸ்டைன் மணந்த எல்சா அவருடைய பெரியம்மா மகள், வயதிலும் மூத்தவர். அதாவது அக்கா. இங்கே அம்மா அலறினால் நியாயம் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு எம்மாவும் எல்சாவும் ஒன்றுதான்.

ஒரே தமிழ்ச்சொல் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். யாருக்கு யார் என்ன முறை என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்த்து எழுதுங்கள். தெரியவில்லையா, 'உறவினர்' போதும்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் குறை சொல்லவும் முடியவில்லை. சென்ற மாதம் ஒரு கல்யாணத்தில் அத்தை பையன் தன் ஆபீஸ் நண்பர்களிடம் என்னை 'கசின் பிரதர்' என்று அறிமுகப்படுத்தினான். பந்தியில் அரைமணி முன்புதான் "மச்சான், அந்த ரசத்த இப்படித் தள்ளு" என்றவன்.