பழைய காருக்கு ஹைட்ராலிக் சஸ்பென்ஷன்: வெல்டிங் வைப்பதற்கு முன்

பட்டனைத் தட்டினால் எண்ணெய் அழுத்தத்தில் குனிந்து நிமிரும் அம்பாசடரை வீடியோவில் பார்த்து ஆசைப்பட்டீர்களா? சரி, மெக்கானிக்கிடம் போகும் முன் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.சி. விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகும்படி வண்டியில் கைவைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது.

"ஆர்.சி.யில் சஸ்பென்ஷனுக்குக் கட்டமே இல்லையே சார், யார் கேட்பாங்க?" ஒர்க்‌ஷாப்பில் இப்படித்தான் சொல்வார்கள். அது இல்லைதான், ஆனால் காலி எடைக்குக் கட்டம் இருக்கிறது. டிக்கியில் பம்பும் வரிசையாக பேட்டரிகளும், சக்கரத்துக்கு ஒரு சிலிண்டரும் ஏறினால் அந்த எண் பொய்யாகிவிடும். போதாததற்கு 182ஏ(4) பிரிவு வேறு: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது பாய்வது உரிமையாளர் மேல். "பார்ட்டுக்கு சர்டிபிகேட் இருக்கு" என்று காட்டினாலும் மயங்காதீர்கள். அது பாகத்துக்குக் கொடுத்தது, உங்கள் வண்டிக்கு அல்ல.

எனக்குத் தெரிந்த ஒருவர் அம்பாசடரின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங்கைக் கழற்றி, டிக்கி தரையை வெட்டி சிலிண்டர் வைத்தார். ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "பழையபடி மாத்திட்டு வாங்க" என்றார். அதையே எழுத்தில் தரச் சொன்னால் கிளார்க்கிடம் போகச் சொன்னார். கிளார்க், "அவர் எழுதினாத்தான் நான் எழுத முடியும்." மூன்று மாத அலைச்சல். கழற்றிய ஸ்பிரிங்கோ எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருந்தது. மாட்டியே தீருவேன் என்பவர்கள் அதையாவது பத்திரமாக வையுங்கள்.

'விண்டேஜ் பதிவு (மிகப் பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு) வாங்கிவிட்டால் தப்பிக்கலாம்' என்பது இன்னொரு தப்புக் கணக்கு. 2021-இல் வந்த அந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். 1985 மாடல் எவ்வளவு பளபளத்தாலும் சேராது. வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும். சேஸிஸ் (அடிச்சட்டம்), பாடி, எஞ்சின் எதையும் மாற்றியிருக்கக் கூடாது. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் சேஸிஸ். டிக்கி தரையை வெட்டியபோதே அந்தக் கதவும் அடைபட்டுவிடும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கொடுத்தாலும் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு என்று சில காரணங்களுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம்.

"நான் பார்த்துக்கறேன்" என்னும் புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். அடுத்த முறை வேறு இன்ஸ்பெக்டர் இருப்பார். இன்சூரன்ஸ்காரரிடம் மறைத்தால் விபத்தன்று கிளைமை மறுக்க நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

வாய்ப்பேச்சு அனுமதியை நம்பாமல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு. பதில் தர அவர்களுக்கு 30 நாள் கெடு. அதில் 'அனுமதி கிடைக்குமா?' என்று கேட்காதீர்கள், அது தகவல் இல்லை என்று தட்டிவிடுவார்கள். 'என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது, அதில் எழுதிய குறிப்புகளின் நகல் வேண்டும்' என்று கேளுங்கள்.